போகாத காசு

என் சித்தியின் கண்ணில் படும்படி எதையும் குவியலாகப் போட்டு வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருப்பாள். ஆறாவது நிமிடம் பார்த்தால் குவியல் இருக்காது, மூன்றாகவோ நான்காகவோ பிரிந்து கிடக்கும். துவரம்பருப்பு என்றால் முழுசு ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். துவைத்த துணி என்றால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு அடுக்கு. ஒருமுறை கல்யாண மண்டபத்து வாசலில் என் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தவள், அங்கே கிடந்த இருநூறு முந்நூறு செருப்புகளையும் ஜோடி சேர்த்து வரிசையாக வைத்துவிட்டாள். பந்தி முடிந்து வந்தவர்கள், கழற்றிய இடத்தில் செருப்பைக் காணாமல் அரைமணி நேரம் அலைந்தார்கள்.

"சும்மா இருக்கவே மாட்டீகளா சித்தி?" என்றேன்.

"நானா செய்றேன்? கை போகுது ஆத்தா. அதுக்கு நான் என்ன செய்ய?"

போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் முப்பது வருடம் காய் பொறுக்கிய கை அது. மலையிலிருந்து மூட்டையில் இறங்கும் காயைச் சல்லடையில் சலித்து நீள மேசைகளில் கொட்டுவார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். பச்சை மாறாத பருங்காய், சின்னக்காய், வெடித்தது, மஞ்சள் பாய்ந்தது, பூச்சி அரித்தது. சித்தி பேச்சுக்காரி. எதிரில் இருப்பவளின் மருமகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பாள், விரல்கள் தம்பாட்டில் நடந்துகொண்டிருக்கும். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தாள். அந்த நகத்தால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே விதை இருக்கிறதா, வெறும் தோலா என்று தெரிந்துவிடும் என்பாள்.

பிறகு ஸ்டோருக்கு மெஷின் வந்தது. கேமரா வைத்து நிறம் பார்த்துத் தள்ளும் மெஷின். பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். சித்தியை நிறுத்தவில்லை. மெஷின் தள்ளியதை இன்னொரு முறை பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. "அதுக்கு நெறந்தான் தெரியும், கனம் தெரியாது" என்று மெஷினைப் பற்றிச் சொல்வாள், ஏதோ புதிதாக வந்த, கொஞ்சம் விவரமில்லாத மருமகளைப் பற்றிச் சொல்வது போல.

சித்தி போய்ச் சேர்ந்து வருகிற தை மாதம் ஒரு வருடம்.

எதைக் காட்டினாலும் அவளிடம் இரண்டே பதில்தான். "போகும்." இல்லாவிட்டால் "போகாது." ஏலத்துக்குப் போகுமா போகாதா என்று காயைப் பார்த்துப் பழகிய வாய். தக்காளியைப் பார்த்தும் அதையே சொல்வாள், சினிமா பார்த்துவிட்டு வந்தும் அதையே சொல்வாள். எனக்கு வந்த மாப்பிள்ளையின் போட்டோவை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "போகும்" என்றாள். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சண்டை வந்தால், "நான் உங்க சித்தி பாஸ் போட்ட ஆளு" என்பார்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஓர் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஒருநாள் வந்திருந்தாள். சர்வர் கிடைக்கவில்லை. உட்கார வைத்துவிட்டு நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கடியில் ஓர் அட்டைப் பெட்டி நிறைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் கிடந்தன. வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போனவை, நாலு வருடக் குப்பை. சர்வர் வந்து நான் நிமிர்ந்தபோது மேசை முழுக்க முகங்கள். ஆண் பெண்ணென்று பிரித்திருப்பாள் என்று நினைத்தேன். குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தாள், முன்பின் தெரியாதவர்களை.

"இந்தா, இந்தப் பெரியவரு மகன் இவன். மூக்கப் பாரு. இது அவன் தங்கச்சி."

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெரியவர் பென்ஷன் வேலையாக வந்தபோது போட்டோவைக் காட்டிக் கேட்டேன். மகன் சரிதான். தங்கச்சி என்றது அவருடைய பேத்தி. சித்தியிடம் போனில் சொன்னேன். "ஒங்கடையில வெளிச்சம் பத்தாது ஆத்தா" என்றாள்.

அவளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்ல இப்படி நிறைய உண்டு. என் தாத்தா, அதாவது அவளைப் பெற்றவர், அவளை மகளாக வைத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

தாத்தா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளி. கடைசிச் சில வருடம் போடி லைன். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் அம்மா. இளையவள் இருபத்தோரு வயதில், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு ஜீப் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு போடிக்குப் போய்விட்டாள். வேறு சாதி. தாத்தா தேடிப் போகவில்லை, அடிக்க ஆள் கூட்டவில்லை. மறுநாள் எப்போதும் போல டியூட்டிக்குப் போனார். சாயங்காலம் வந்து, அம்மாவைப் பெற்ற அம்மாயியிடம், "எனக்கு ஒரே பிள்ளதான். இன்னொண்ணத் தலைமுழுகிட்டேன்" என்றார். அதோடு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் நின்றுபோனது.

தேனிக்கும் போடிக்கும் நடுவில் அரைமணி நேர பஸ் பயணம்தான். நானும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு, "போடியில போயி ஏலக்கா வாங்கிட்டு வந்துர்றேம்ப்பா" என்று கிளம்புவாள். தேனி மார்க்கெட்டில் இல்லாத ஏலக்காயா? தாத்தா ஏன் என்று கேட்டதில்லை. வாங்கிவந்த பொட்டலத்தை ஏறிட்டுப் பார்த்ததுமில்லை. ஆனால் அந்த ஏலக்காய் போட்டுப் பாயசம் வைத்தால் குடிப்பார்.

அம்மாயி இறந்த பிறகும் அவர் மனசு மாறவில்லை. அவர் கட்டிய வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். எண்பது தாண்டி, ஒரு மழை நாளில், மூன்று நாள் காய்ச்சலில் போனார். போடிக்கு நான்தான் போன் செய்தேன். சித்தி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை வாசலில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அம்மா தெருவைத் தாண்டிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள வாடி. இனி யாரு ஒன்னையச் சொல்லப் போறா?"

"உள்ள வான்னு அவுக சொல்லலியேக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். பாடை தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு காக்கிச் சட்டை, ஒரு விசில், பழைய லைசென்ஸ் அட்டை, அடியில் ஒரு பால் பவுடர் டப்பா. தூக்க முடியாத கனம். மூடியைத் திறந்தால் விளிம்புவரை நாணயங்கள். அப்படி ஒன்று வீட்டில் இருப்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"தாத்தா காயின் கலெக்ஷன் பண்ணிருக்காகக்கா!" என்று தம்பி கத்தினான். கொட்டிப் பார்த்தோம். சட்டைப் பொத்தான் அளவில் திருவிதாங்கூர்ச் சக்கரம் இருந்தது. இலங்கைச் சதம் இருந்தது, அரபு எழுத்துப் போட்ட காசு இருந்தது. ராஜா தலை போட்டது, ஓட்டை விழுந்தது, தேய்ந்து இரண்டு பக்கமும் வழவழவென்று ஆனது. எனக்கும் பிரமிப்பாகத்தான் இருந்தது. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு இப்படி ஓர் ஆசை இருந்ததே தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. சம்பளக் கவரைத் தவிர எதையும் ஆசையாக எண்ணிப் பார்த்து அறியாதவர். இந்தச் சக்கரத்தை எங்கே வாங்கினார்? யாரிடம் கேட்டு வாங்கினார்? டப்பா தம்பிக்கும் எனக்கும் பொது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

தம்பி தேனி காய்கறி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டிக்குத் தவணை பாக்கி. பழைய நாணயம் லட்சக்கணக்கில் விலை போகும் என்று செல்போனில் வருகிற வீடியோக்களை ஏற்கெனவே பார்ப்பவன். அதில் ஒருவனுக்கு நாலைந்து காசைப் படம் எடுத்து அனுப்பினான். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. மொத்தமும் பதினோரு லட்சம் பெறும், வாங்க ஆள் தயார். பதிவுக் கட்டணம் பதினெட்டாயிரம் முதலில் கட்ட வேண்டும். அதோடு, காசுகளை வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

எனக்குச் சந்தேகம்தான். சொன்னால் கேட்கிற நிலையில் அவன் இல்லை. மனைவியின் செயினைக் கழற்றி அடகு வைத்துப் பணம்கூடத் தயார் செய்துவிட்டான். சனிக்கிழமை முழுவதும் இருவரும் பிரித்துப் பார்த்தோம். எதை எதோடு சேர்ப்பது என்றே தெரியவில்லை.

"இதுக்கு ஒரே ஆளுதாண்டா இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டப்பாவை ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினோம். சித்தப்பா இறந்து, ஒரே மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, சித்தி அப்போது தனியாகத்தான் இருந்தாள். விஷயத்தைச் சொல்லாமல், "சித்தி, கொஞ்சம் பிரிச்சுத் தரணும்" என்று தரையில் சாக்கை விரித்துக் கொட்டினோம். சத்தத்தைக் கேட்டதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"யாருதுலே இம்புட்டுக் காசு?"

"தாத்தாவோடது" என்றான் தம்பி. "டிரங்குப் பெட்டியில இருந்துச்சு."

நீட்டிய கை நின்றது. எழுந்து பின்பக்கம் போனாள். குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தவள், வேறொன்றும் கேட்காமல் பிரிக்கத் தொடங்கினாள்.

முதலில் அளவு பார்த்தாள், அப்புறம் உலோகம், அப்புறம் முத்திரை. காயைப் பிரிக்கும்போது பேசுகிறவள் அன்று பேசவில்லை. ஒவ்வொரு காசையும் எடுத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, புரட்டிப் பார்த்து வைத்தாள். பதினோரு மணிக்கு இருபது குவியல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அறுபது எழுபது. பாதிக்கு மேல் ஒற்றைக் காசுக் குவியல். அவளுக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. அவள் பிரிக்கப் பிரிக்கக் குவியல் குறையும், தெளியும். இங்கே பெருகிக்கொண்டே போனது.

"என்னலே இது, ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது?"

"அதான் சித்தி, எல்லாமே அபூர்வம்" என்றான் தம்பி சந்தோஷமாக.

சித்தி கையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சாக்கையே பார்த்தாள். ஓர் எட்டணாவை எடுத்து நகத்தால் கீறினாள். வெண்ணெயில் கீறியது போலக் கோடு விழுந்தது. ஈயம். இன்னொன்றை எடுத்து ஜன்னல் பக்கம் காட்டினாள். நடுவில் இருந்த ஓட்டையை யாரோ ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். தட்டையாக அடித்த சோடா மூடி ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டு வில்லை ஒன்று, இரண்டு இரும்பு வாஷர். அவற்றை நாங்கள் விசித்திரமான வெளிநாட்டுக் காசென்று நினைத்திருந்தோம்.

"ஏலே, கடையில குடுத்தா மறுபேச்சில்லாம வாங்கிக்கிறாப்புல ஒரு காசு இதுல இருக்கா? அந்தக் காலத்துக் கடையிலயே சொல்றேன்."

நாங்கள் தேடினோம். ஒன்றுகூட இல்லை.

"பொறுக்கி எடுத்தது இல்ல ஆத்தா இது" என்றாள் என்னிடம். "பொறுக்கித் தள்ளுனது. எங்க ஸ்டோர்ல நல்ல காயி பத்து எடுத்தா பத்தும் ஒரே அச்சா இருக்கும். கடைசியில மேசையக் கூட்டி அள்ளுவோம் பாரு, அது இப்பிடித்தான் தினுசு தினுசாக் கெடக்கும். அவுக காசு சேக்கல. இது பூராம் அவுக ஏமாந்த காசு."

அப்புறம்தான் அவள் சொன்னாள். அவளும் அம்மாவும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், டியூட்டி முடிந்து பஸ் ஆபீசில் வசூலைக் கட்டும்போது தாத்தாவுக்கு அடிக்கடி குறையும். கூட்டத்தில், இருட்டில், மழையில் யாராவது ஒரு செல்லாக் காசைக் கையில் அழுத்திவிடுவார்கள். ஆபீசில் வாங்க மாட்டார்கள். கைக்காசு போட்டுக் கட்டிவிட்டு வருவார்.

"மத்த கண்டக்டருக அடுத்த ஆளுக்குக் குடுக்குற சில்லறையில கலந்து தள்ளிருவாக. எங்க ஆத்தா கேக்கும், நீங்களும் அப்பிடித் தள்ளிவிட்டா என்னன்னு. எந்தலையில கட்டுனான்னு நான் இன்னொருத்தன் தலையில கட்டவாம்பாக. சரி, அந்தக் காசத்தான் எங்கனன்னு கேட்டா, வர்ற வழியில பாலத்துல நின்னு ஆத்துக்குள்ள வீசிட்டேம்பாக. தெனமும் இதே பேச்சுத்தான்." சாக்கைப் பார்த்தாள். "ஒண்ணையும் வீசல."

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. எட்டணாவுக்கு ரெண்டு லட்சம், பதிவுக் கட்டணம், செயின் என்று எல்லாவற்றையும் சொன்னான். "ஒங்களுக்கு இதப்பத்தித் தெரியாது சித்தி. செல்லாததுக்குத்தான் இப்ப வெல. அந்த ஆளு எல்லாம் படிச்சவரு."

"சரி, போனப் போடு. நானும் கேக்குறேன்."

ஸ்பீக்கரில் போட்டான். பட்டணத்துப் பேச்சுக்காரன் ஒருவன் எடுத்தான். "சொல்லுங்க சார், பேமென்ட் போட்டுட்டீங்களா?"

"தம்பி, நான் அவன் சித்தி பேசுறேன். காசு எங்கையிலதான் இருக்கு. ராஜா தலை போட்ட எட்டணாவுக்கு ரெண்டு லச்சம்னு சொன்னீகளாம்?"

"ஆமாம்மா, ரொம்ப ரேர் பீஸ்மா அது."

"நகத்துல கீறுனா கோடு விழுதேப்பா. ஈயம். இது கள்ளக்காசு."

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அவன். "கள்ளக்காசுக்கு இன்னும் டிமாண்ட் அதிகம்மா. ரெண்டரைகூடப் போகும்."

"அப்பிடியா? இந்தா, ஒரு சோடா மூடி இருக்கு. அடிச்சுத் தட்டையாக்கிருக்காக. இது எம்புட்டு?"

"போட்டோ அனுப்புங்கம்மா, பார்த்துச் சொல்றேன். முதல்ல அந்தப் பதினெட்டாயிரத்தை இன்னிக்கே…"

"போகாது" என்றாள் சித்தி. போனை அவளே அணைத்துத் தம்பியிடம் நீட்டினாள். "ஏலே, அந்தப் பிள்ள செயினை நாளைக்கே திருப்பிக் கழுத்துல போடு."

நான் சிரித்துவிட்டேன். தம்பியும் கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, சோடா மூடியை எடுத்துப் பார்த்துச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் மனசில் எது தோன்றியதோ, அவன் எப்போதும் யோசிக்காமல் பேசுகிறவன், "வீசிட்டேன் வீசிட்டேன்னு சொல்லிட்டு ஒண்ணையும் வீசலியே தாத்தா. அப்ப சித்தி, ஒங்களையும் அவுக…" என்று ஆரம்பித்தான்.

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அவன் நிறுத்திக்கொண்டான். சித்தி கோபப்படவில்லை. ஒற்றைக் காசு ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ அவுக பஸ்ஸுல ஏறிட்டேன்" என்றாள்.

இதை அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை. கல்யாணமாகி இரண்டாவது வருடம். பிள்ளைக்கு நாலு மாதம், விடாத வயிற்றுப்போக்கு. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போடியில் வந்து நின்ற பஸ்ஸில் அவசரமாக ஏறிவிட்டாள். நல்ல கூட்டம். பஸ் நகர்ந்த பிறகுதான், பின்னாலிருந்து டிக்கெட் டிக்கெட் என்று வரும் குரல் யாருடையது என்று தெரிந்தது. அவர் போடி லைனுக்கு மாறியது அவளுக்குத் தெரியாது.

"எறங்கிருவமான்னு பாத்தேன். புள்ள தொவண்டு கெடக்கு. நின்னுட்டேன். கிட்டத்துல வந்தாக. எங்கனன்னு கேட்டாக. எல்லாரையும் கேக்குற மாதிரியே. தேனின்னேன். டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தாக. நான் ரெண்டு ஒத்த ரூவாக் காசு குடுத்தேன். அவுக கட்டவெரல வச்சு ரெண்டையும் தேச்சாக. ஜன்னல் வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாக. பைக்குள்ள போட்டாக. மீதிச் சில்லறைய எண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டாக."

தம்பி குனிந்து சாக்கில் ஒற்றை ரூபாயைத் தேடினான்.

"நான் குடுத்தது நல்ல காசு ஆத்தா. அது இதுல இருக்காது. அன்னைக்கே அடுத்த ஆளுக்குச் சில்லறையாப் போயிருக்கும்."

அவள் காசை அதன் குவியலில் வைத்தாள். பிறகு, "முன்னால போனவுக திரும்பி, ஒரு சீட்டுல ஒக்காந்திருந்த ஆளப் பாத்து, கைப்பிள்ளக்காரி நிக்குது, எந்திரிங்கய்யான்னாக. அவரு எந்திரிச்சு எடம் விட்டாரு. தேனி வரைக்கும் ஒக்காந்துதான் போனேன்" என்றாள்.

"அது உங்களுக்காகத்தான சித்தி?" என்றேன்.

"யாரு நின்னாலும் சொல்லுவாக. அவுக கொணம் அது. எனக்காகச் சொன்னாகளா, கைப்பிள்ளக்காரிக்காகச் சொன்னாகளா?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதப் பிரிக்கத் தெரியல."

வெளியே தெருவில் ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சித்தி எழுந்தாள். சாக்கின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்தாள். மூன்று மணி நேரம் பிரித்த எழுபது குவியலும் சரசரவென்று நடுவில் சரிந்து ஒன்றாகக் கலந்தன. அவள் பிரித்த ஒன்றை அவளே கலைத்ததை என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். டப்பாவில் அள்ளிப் போட்டு மூடினாள்.

"இது எங்கிட்டயே கொஞ்ச நாளு இருக்கட்டுமா?" என்றாள். தம்பிதான் முதலில் தலையாட்டினான்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை மத்தியான வேளை. நான் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. திரும்பிப் பார்த்தால் சித்தி, கையில் கட்டைப்பை. வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. படியேறாமல் கீழேயே நின்றாள். அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வா என்று அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அன்றைக்குச் சொன்னதையே சொல்லிவிடுவாளோ என்று பயந்திருக்க வேண்டும்.

"வெயில்ல நிக்காதடி. தல சுத்தும்" என்றாள்.

சித்தி செருப்பைக் கழற்றினாள். ஏறி உள்ளே வந்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். தாத்தாவின் அறையில் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை அம்மா இழுத்துத் திறந்துவிட்டாள். சித்தி காக்கிச் சட்டைகளைத் தூக்கிப் பார்த்தாள். அவற்றுக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளையும் தூக்கிப் பார்த்தாள்.

"எம்போட்டோ ஏதும் இதுல இருந்துச்சாக்கா?"

அம்மாவால் பொய் சொல்லியிருக்க முடியும். ஒரு நொடி அவள் வாய் அதற்குத் தயாரானதை நான் பார்த்தேன்.

"இல்லடி" என்றாள். "நானும் தேடிப் பாத்தேன்."

சித்தி மெதுவாகத் தலையசைத்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து, முன்பு இருந்த மூலையில் வைத்தாள். சட்டைகளை மடிப்புக் கலையாமல் மேலே வைத்துப் பெட்டியை மூடினாள். மூடியின் மேல் கொஞ்ச நேரம் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"பசிக்குதுக்கா" என்றாள். "என்ன கொழம்பு வச்சிருக்க?"